வண்டி எந்த ஊருக்குப் போகிறது?

என் முதல் மாதிரி ரயில் லேஅவுட்டைக் கட்டி முடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை, அதன்மேல் நீள்வட்டமாக ஒரு பாதை, ஓரத்தில் ஒரு ஸ்டேஷன், மூலையில் ஒரு மலை, மலைக்குள் ஒரு குகை. பொங்கலுக்கு மாமனாரும் மாமியாரும் வந்திருந்தபோது மாடி அறைக்கு அழைத்துப்போய், விளக்கை அணைத்துவிட்டு, பெட்டிகளுக்குள் வெளிச்சம் தெரிய வண்டியை ஓடவிட்டேன். மாமியார் கைதட்டினார். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து சுற்று பார்த்தார். பிறகு கேட்டார்: "மாப்பிள்ளை, இந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது?"

எந்த ஊருக்கும் போகவில்லை, சுற்றி வருகிறது என்றேன்.

"தேர்கூட நாலு வீதி சுற்றினால் நிலைக்கு வந்து நின்றுவிடுமே" என்றார்.

அவர் கீழத் தஞ்சைப் பக்கத்து மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களில் முப்பத்து நாலு ஆண்டு ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஒரு வண்டி நகர்ந்தால் அது எங்கிருந்து வருகிறது, எதை ஏற்றியிருக்கிறது, லைன் கிளியர் (அடுத்த ஸ்டேஷன்வரை போக அனுமதி) கொடுத்தது யார் என்று கேட்டே பழகியவர். கிண்டல் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கில் உருப்படியாக நான் கற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்க் கற்றதுதான்.

அந்த முதல் பலகையில் செய்த தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்காவது மரக்கடையில் நின்று பிளைவுட் விலை கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பயன்படும்.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கிவந்த தொடக்கப் பெட்டியில் வளைவுகள் 18 அங்குல ஆரம் கொண்டவை, அதாவது 45.7 செ.மீ. அளவு எச்.ஓ.; அசலில் 87-இல் ஒரு பங்கு. கூடவே வந்த குட்டைச் சரக்கு வேகன்கள் அந்த வளைவில் எண்ணெய்போல் ஓடின. எனக்கோ நம்மூர்ப் பெட்டி வேண்டும் என்று ஆசை. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி, முனைகளில் உள்ள பஃபரோடு (இடிதாங்கி) சேர்த்து 22.3 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 25.6 செ.மீ. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி இரண்டு பெட்டி செய்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு மட்டும் ஒரு வாரம் போனது. வளைவில் திரும்பும்போது பெட்டியின் வயிறு உள்பக்கம் பிதுங்கியது, முனைகள் வெளியே நீட்டின, பஃபரும் பஃபரும் மாட்டிக்கொண்டு மூன்றாவது சுற்றில் இரண்டும் குப்புற விழுந்தன. ஆரம், மிக நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி, இரண்டு மடங்குக்குக் கீழே போனால் தொல்லை என்பது இந்தத் துறையில் பழைய கணக்கு. என் பெட்டிக்கு 77 செ.மீ. ஆரம் வேண்டும். அரைவட்டம் அடித்துத் திரும்ப ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். நாலடிப் பலகையின் அகலம் 122 செ.மீ. பலகை வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு இது. நான் பெட்டி செய்து முடித்த பிறகு போட்டேன்.

இதில் இன்னொரு கண்ணுறுத்தலும் உண்டு. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; எச்.ஓ.வில் அது 19.3 மி.மீ. வர வேண்டும். கிடைப்பதோ 1435 மி.மீ. பாதைக்கு ஏற்ற 16.5 மி.மீ. தண்டவாளம். நம்மூர் எஞ்சினை அதில் ஏற்றி எதிரே நின்று பார்த்தால், பருத்த ஆள் குழந்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டதுபோல் இருக்கும். இங்கே பலரும் அதைப் பார்த்தும் பாராமல் விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது என்பதும் உண்மைதான்.

அடுத்தது வெயில். இணைப்புகளில் மின்சாரம் சரியாகப் பாயாமல் எஞ்சின் திணறியது என்பதற்காக எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். வண்டி அருமையாக ஓடியது, ஏப்ரல் முடியும்வரை. என் மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதத்தில் ஒரு மத்தியானம் போய்க் கதவைத் திறந்தால், குகை வாசலில் தண்டவாளம் பாம்பாக நெளிந்து, ஸ்லீப்பரை விட்டுக் கழன்று நிற்கிறது. மாமாவுக்கு போன் செய்தேன்.

"இடைவெளி விட்டீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "வெயில் காலத்தில் லைன் ஓரமாகக் கேங்மேன்கள் நடந்து நடந்து பார்ப்பது எதற்கு என்று நினைத்தீர்கள்?"

ஐந்தரை மீட்டர் நீளப் பாதை 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். போக இடமில்லை என்றால் பக்கத்தில் போகும். காய்கிற பலகை சுருங்குவது தனிக் கணக்கு. இப்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் இணைப்பைப் பற்றவைக்காமல், ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனுக்கு இடைவெளி விடுகிறேன். மார்கழிக் குளிரில் பாதை போட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மின்சாரத்துக்கு இணைப்பை நம்பக் கூடாது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரைப் பலகைக்கு அடியில் நெடுக ஓடவிட்டு, அதிலிருந்து மெல்லிய ஒயர்களை மேலே ஏற்றுகிறேன். சலிப்பான வேலை. ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் பிறகு அதை நினைக்கவே வேண்டியதில்லை.

பலகை விஷயத்தில் மலிவைப் பார்த்தேன். சாதாரண பிளைவுட் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து அப்பளமாக வளைந்தது. இப்போதுள்ளது ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட, தண்ணீர் தாங்கும் 12 மி.மீ. பலகை, அடியில் குறுக்குச் சட்டங்களோடு. வாங்கினவுடன் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்து வளையும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெரு ஆசாரி. ரயிலுக்கு எதற்கு இவ்வளவு நல்ல பலகை என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

மலையின் கதை சிறியது. பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் ஊறவைத்துச் செய்தேன். கரப்பானும் எறும்பும் ஒரே மழைக்காலத்தில் அதைத் தின்று தீர்த்தன. மலைக்குள் குகை இருந்ததுபோய், குகைக்குள் மலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதன் காரணம் அப்போது புரிந்தது. அது விஷம்; குழந்தைகள் தொடும் இடம் என்றால் வேண்டாம், தெர்மாகோலைச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் படியும் கறுப்பு அழுக்கை உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததும் நான்தான். தேய்த்த அன்று பளபளத்தது. அந்தக் கீறல்களிலேயே முன்னைவிட வேகமாக அழுக்கு சேர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பனியன் துணி போதும். பிளாஸ்டிக் சக்கரங்களை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டால் அழுக்கே பாதியாகக் குறைகிறது.

இவ்வளவு தவறோடும் அந்தப் பலகையைச் சரிசெய்து ஓட்டியிருக்கலாம். ஆனால் மாமாவின் கேள்விக்குப் பிறகு, சுற்றுகிற வண்டியைப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. பத்து நிமிடம் பார்க்கலாம். பதினோராவது நிமிடம் கைபேசியை எடுக்கிறோம். லேஅவுட் என்பது ஒரு மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்று அமெரிக்காவில் ஃபிராங்க் எலிசன் என்பவர் 1940-களிலேயே சொல்லிவிட்டார். என் மேடையில் விளக்கும் திரையும் இருந்தன, கதை இல்லை. பிரித்து எடுத்தேன்.

அடுத்த முறை மாமா வந்தபோது, மாடித் தரையில் சாக்பீஸால் ஒரு ஸ்டேஷன் வரையச் சொன்னேன். அவர் வரைந்தது ஒரு கடைசி ஸ்டேஷன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி போகும் 37 கி.மீ. கிளைப் பாதையை மனத்தில் வைத்து வரைந்தார். 1930-இல் ராஜாஜி உப்பெடுத்த ஊர் அது. மீட்டர் கேஜ் காலத்தில் அங்கிருந்து உப்பு வேகன்கள் கிளம்பும். மீட்டர் கேஜ் நின்று பல ஆண்டுகள் ரயிலே இல்லாமல் கிடந்து, 2023 ஏப்ரலில்தான் அகலப் பாதையில் மறுபடி வண்டி வந்தது. அச்சு அசல் நகலாகச் செய்ய வேண்டாம், அந்தச் சாயலில் ஒரு கடைக்கோடி உப்பு யார்டு, காலம் 1990-களின் தொடக்கம் என்று முடிவு செய்தோம். உப்புக்குப் போக ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்கு வண்டியை அனுப்ப வேலையும் உண்டு.

மீட்டர் கேஜ் என்றதும் அளவுச் சிக்கல். எச்.ஓ.வில் மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம், இங்கே கிடைப்பது அரிது, வரவழைத்தால் சுங்க வரி. ஆனால் 160-இல் ஒரு பங்கான 'என்' அளவின் 9 மி.மீ. தண்டவாளம் எளிதாகக் கிடைக்கிறது. (என் ஸ்கேல் வாங்கப் போகிறேன் என்றதற்கு, உங்கள் ஸ்கேலைத்தான் பையன் உடைத்துவிட்டானே என்றாள் மனைவி.) அந்த 9 மி.மீ.யின் மேல் 120-இல் ஒரு பங்கு அளவில் வண்டி செய்தால், தண்டவாள அகலம் அசலில் 1080 மி.மீ. ஆகிறது. மீட்டர் கேஜுக்கு 80 மி.மீ. கூடுதல், மாதிரியில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் 1067 மி.மீ. பாதைக்கு இதே உத்தியைப் பல காலமாகக் கையாள்கிறார்கள். பழைய அமெரிக்க டீசல் எஞ்சின் ஒன்றின் ஆறு அச்சு அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டில், நம் மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினான ஒய்.டி.எம்.-4-இன் உடலைக் கட்டினேன். நீளம் ஏறத்தாழ 13 செ.மீ. வேகன்கள் எட்டு, கொக்கியோடு சேர்த்து ஒவ்வொன்றும் 6 செ.மீ.

பாதை அமைப்புக்கு பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட்டின் இங்கில்நுக் புதிரை எடுத்துக்கொண்டேன். இரண்டே பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று லைன். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. வேகன்களை இழுத்துத் தள்ளி வரிசை மாற்றுவதுதான் ஷண்டிங்; அதற்கு எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் துண்டுப் பாதையான ஷண்டிங் நெக்கில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே பிடிக்கும். எட்டு வேகனுக்கு எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுக்க வேண்டும். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் ஐந்து வேகன்களைக் கோத்து வண்டியாக நிறுத்த வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து வேகனை 6720 விதமாகக் கோக்க முடியும். நாளுக்கு ஒன்று என்று ஆடினால் பதினெட்டு ஆண்டுக்கு மேல் வரும். இதெல்லாம் 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள ஒரு பலகையில் அடங்கிவிடுகிறது. எட்டடிப் பலகையில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். நாலடித் துண்டில் பதினெட்டு ஆண்டு.

மாமா சீட்டுகளைப் பார்த்தவுடன் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். "பிரேக் வேனைக் குலுக்கலில் போடுகிறீர்களா? கார்டு எங்கே உட்காருவார், நடுவிலா?" பிரேக் வேன் எப்போதும் கடைசி. மிச்சம் நான்கு இடத்துக்கு ஏழு வேகன். 6720 ஒரே அடியில் 840 ஆகிவிட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனால் ஆடிப் பார்த்தபோது ஆட்டம் எளிதாகவில்லை, கடினமாகியது. பிரேக் வேன் குட்டை லைனின் கோடியில், இரண்டு உப்பு வேகனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், அதை வெளியே எடுப்பதற்குள் யார்டு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கிறது. முதல் நாள் அப்படி மாட்டியபோது எனக்கு இருபத்தாறு நகர்த்தல் ஆனது. அவர் அதே சிக்கலை மறுபடி அடுக்கச் சொல்லி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பதினைந்தில் முடித்தார். "முதலில் எதை எடுப்பது என்று பார்க்காதீர்கள். கடைசியில் எது நிற்க வேண்டும் என்று பாருங்கள்" என்றார். வேறு எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை.

வேகம் பற்றி அவரோடு ஒரு சாயங்காலம் முழுவதும் சண்டை நடந்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்தேன். அவர் "ஆளை நசுக்கிவிடுவீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கணக்குப் போட்டோம். ரயில்வே விதிப்படி ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 120-ஆல் வகுத்தால் நொடிக்கு மூன்றரை செ.மீ. அதாவது ஒரு மீட்டரைக் கடக்க 29 நொடி. ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தால் என் எஞ்சின் எட்டு நொடியில் ஓடியிருந்தது. அசலில் மணிக்கு ஐம்பத்து நாலு கி.மீ. பழைய கண்ட்ரோலரில் அதற்குக் கீழே போனால் எஞ்சின் நின்றுவிடும். மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர் ஒன்றை மின்னணு உதிரிபாகக் கடையில் வாங்கிப் பொருத்தியதும் எஞ்சின் நத்தையாக நகர்ந்தது. நீங்கள் புதிதாகத் தொடங்குபவர் என்றால், எஞ்சின் வாங்கும்போது எவ்வளவு வேகமாக ஓடும் என்று பார்க்காதீர்கள். எவ்வளவு மெதுவாக ஓடியும் நிற்காமல் இருக்கிறது என்று பாருங்கள்.

மெதுவாக ஓடத் தொடங்கியதும் ஒளிந்திருந்த குறைகள் எல்லாம் வெளியே வந்தன. பாயிண்டில் இரண்டு தண்டவாளம் குறுக்கே சேரும் கிராசிங் மூக்கு என்னிடம் பிளாஸ்டிக்கில் இருந்தது. வேகமாகப் போகும்போது எஞ்சின் அதைத் தாவிவிடும். மெதுவாகப் போனால் அங்கே மின்சாரம் கிடைக்காமல் செத்து நிற்கும். விரலால் தள்ளிவிட வேண்டும். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. "கடவுள் கை வந்து தள்ளுகிற எஞ்சினை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை." மூக்கு உலோகத்தில் இருந்து, பாயிண்ட் திரும்பும்போது அதற்கும் மின்சாரம் மாறுகிற வகையாக இரண்டு பாயிண்ட்டையும் மாற்றினேன். செலவுதான். ஷண்டிங் லேஅவுட் என்றால் அங்கே கஞ்சத்தனம் செய்யக் கூடாது. கஞ்சத்தனம் செய்ய வேண்டிய இடம் டி.சி.சி.தான். தண்டவாளத்தில் மின்சாரத்தோடு கட்டளையையும் அனுப்பி ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியே இயக்கும் ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே எஞ்சின் வைத்திருப்பவருக்கு எதற்கு? பல எஞ்சின் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளட்டும். போட்டவுடன் பாதையில் அங்கங்கே இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்க்க வேண்டும். உடனே மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால் ஒயர் போதாது என்று பொருள்.

வேகன்களைப் பிரிக்க விளக்கமாற்று ஈர்க்கு. நுனியைச் சூடுகாட்டி லேசாக வளைத்து, கொக்கிக்கு அடியில் விட்டுத் தூக்கினால் பிரிந்துவிடும். காந்தம் வைத்த கொக்கிகள் வெளிநாட்டில் உண்டு, விரல் படாமலே பிரியும். ஈர்க்கு எனக்குப் பிடித்திருக்கிறது. பாயிண்ட்ஸ்மேன் குனிந்து கொக்கியைக் கழற்றும் நேரம் அதற்கும் ஆகிறது. அதே விளக்கமாற்றிலிருந்துதான் பனைமரங்களும் வந்தன; தண்டுக்கு ஈர்க்கு, மட்டைக்குப் பச்சைத் தாளை விசிறியாக வெட்டியது. ஜல்லிக்கு, டீ வடிகட்டியில் சலித்த எம்-சாண்ட். மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஃபெவிக்காலும் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் சொட்டு மணல் மேலேயே உருண்டு நின்று மணலைப் பெயர்த்துவிடும்.

உப்பு விஷயத்தில் மட்டும் நான் மாமாவைக் கேட்டிருக்க வேண்டும். உப்பு யார்டு என்றால் அசல் உப்பே இருக்கட்டும் என்று கல் உப்பை இடித்து, லைன் ஓரமாகக் குட்டிக் குட்டி அம்பாரமாகக் குவித்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழும்போது அம்பாரங்கள் மின்னின. அவ்வளவு அழகை நான் அதற்கு முன் செய்ததில்லை. பக்கத்திலிருந்து படம் எடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பினேன். புரட்டாசியில் முதல் மழை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி அம்பாரங்கள் கசிந்தன. உப்புத் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி, தண்டவாள ஆணிகளைத் துருப்பிடிக்க வைத்து, ஒரு பாயிண்ட்டின் நாக்கைப் பச்சைக் களிம்பு பூசி ஒட்டவைத்துவிட்டது. மாமா வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. உப்பு ஏற்றிய வேகனின் அடித்தகடு என்ன கதிக்கு ஆளாகும் என்று மட்டும் விவரித்தார். இப்போது யார்டில் இருப்பது வெள்ளைக்கல் கோலப்பொடி. மின்னுவதில்லை. கரைவதும் இல்லை.

பலகையின் இடது கோடியில் ஒரு மரப்பெட்டி, பாதை அதற்குள் நுழைந்து மறைந்துவிடும். பெட்டிக்குள் இருப்பதுதான் எங்கள் கணக்குக்குத் திருத்துறைப்பூண்டி. ஷண்டிங் நெக் முடியும் இடத்தில் மாமா தீக்குச்சியில் ஒரு பலகை நட்டு, ஷண்டிங் எல்லை என்று எழுதினார். அதைத் தாண்டி எஞ்சின் போக வேண்டும் என்றால் டோக்கன் வேண்டும். அவர் காலத்தில் ஒற்றைப் பாதையில் நீல்ஸ் பால் டோக்கன் கருவி இருந்தது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து ஓர் உலோக உருண்டை விழும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. அதைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். எங்கள் டோக்கன் ஒரு கோலிக்குண்டு, பச்சைக் கண்ணாடிக் கோலி. பெட்டிப் பக்கம் மாமா, யார்டுப் பக்கம் நான், டிரைவர் என் பத்து வயதுப் பையன். கோலி அவன் சட்டைப் பைக்குள் போனால்தான் வண்டி எல்லையைத் தாண்டும்.

ஒருநாள் ஷண்டிங்கில் இடம் போதாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எஞ்சினை அந்தத் தீக்குச்சிப் பலகையைத் தாண்டி அரை அங்குலம் விட்டேன். மாமா பேனாவையும் ஒரு தாளையும் என் பக்கம் தள்ளினார். "டோக்கன் இல்லாமல் எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள். விளக்கம் எழுதிக் கொடுங்கள்." விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர் பேனா மூடியைக் கழற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தார். எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கடிகாரத்தை நாலு மடங்கு வேகமாக ஓடவிட்டுக் கால அட்டவணைப்படி வண்டி விடும் முறை ஒன்று உண்டு. கைபேசிச் செயலியாகவே கிடைக்கிறது. நீண்ட பாதைக்கு அது தேவைதான். நாங்கள் இரண்டு நாள் முயன்றுவிட்டு நிறுத்திவிட்டோம். ஈர்க்கால் கொக்கி பிரிக்கிற கைக்குக் கடிகாரத்தின் வேகம் ஒத்துவரவில்லை.

போன தீபாவளிக்கு வந்துவிட்டு மாமா ஊருக்குக் கிளம்பிய மறுநாள், பையன் சீட்டைக் குலுக்கினான். இரண்டு திறந்த வேகன், ஒரு டேங்கர், ஓர் உப்பு வேகன், கடைசியில் பிரேக் வேன். பதினெட்டு நகர்த்தலில் கோத்துவிட்டு, பெட்டிக்குள் அனுப்பக் கோலியைத் தேடினோம். இல்லை. முந்தின நாள் கடைசி வண்டியை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் கோலியைச் சட்டைப் பையில் போட்டவர் அப்படியே போயிருக்கிறார். போன் செய்தேன். பையைத் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இங்கே இருக்கிறது."

வேறு ஒரு கோலியை வைத்துக்கொள்ளட்டுமா என்றேன்.

"அது எப்படி? டோக்கன் ஒன்று வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுப்பீர்களா?" சற்று நேரம் யோசித்தார். "கருவி வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். டோக்கனுக்குப் பதில் பேப்பர் லைன் கிளியர் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பேனா இருக்கிறதா? பிரைவேட் நம்பர் 47. எண்ணிலும் எழுதுங்கள், எழுத்திலும் எழுதுங்கள்."

பையன் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினான். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கண்ட்ரோலரின் குமிழை மெதுவாகத் திருப்பினான்.